நூற்றெட்டாம் தட்டில் ஒரு ‘ஓ’

கையுறை போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் தொடும் பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பாத்ரூம் கழுவும்போது போட மாட்டார், ஏனென்றால் கழுவுவதே இல்லை. இசைத்தட்டு வந்தால் போடுவார். தில்லை நகரில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் கிளினிக்கிலிருந்து ஒரு டப்பா கையுறை வாங்கி வரச் சொல்லி, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

புரட்டாசி ஆரம்பத்தில் அந்தக் கூரியர் வந்தது. சித்தார்த் கையுறையை மாட்டிக்கொண்டு அட்டைப் பெட்டியை அறுத்து, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினார். பிரசவ வார்டில் நர்ஸ் குழந்தையைத் தூக்கிக் காட்டுவது மாதிரி இருந்தது. ஒரு பழைய தமிழ்ப் படத்தின் பாட்டுகள். புதிதாக அச்சடித்த பெரிய ரெக்கார்டு, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை, உறைமேல் தங்க நிற ஸ்டிக்கர். மொத்தமே முந்நூறு தட்டுதான் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் பார்த்தவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

“யமுனா, நூத்தெட்டு வந்திருக்கு,” என்றார்.

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவனுக்கு நூற்றெட்டாம் எண்ணை அனுப்பினால் என்ன ஆகும் என்று அந்தச் சென்னைக் கம்பெனிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் முதலாவது எங்கள் ஊர். கொஞ்ச நேரத்தில் அவருடைய இசைத்தட்டு வாட்ஸ்ஆப் குழு முழுக்கக் கை கூப்பிக்கொண்டிருந்தது. குழுவின் தலைவர் பீமராவ், ரிட்டயரான பேங்க் மேனேஜர், உத்தர வீதிக்காரர். தனக்கு இருநூற்றுப் பதினேழு வந்திருப்பதாக அவர் போட்ட செய்தியைப் படித்தால் துக்கம் விசாரிக்கத் தோன்றும்.

அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் அப்படி ஒரு படம் வந்ததா என்று கேட்பீர்கள், அதனால் சொல்லவில்லை. ஓடாத படம். இத்தனை வருஷம் கழித்து அதற்கு மவுசு வந்ததற்கு ஒரே காரணம், முந்நூறுதான் கிடைக்கும் என்று சொன்னது. முப்பதாயிரம் என்று சொல்லியிருந்தால் ஒருத்தர் சீண்டியிருக்க மாட்டார்.

“பிரிங்க, பாப்போம்,” என்றேன்.

“பிரிக்கிறதா? பிரிச்சா அது வெறும் ரெக்கார்டு. பிரிக்காம இருந்தாத்தான் அது பொருள்.”

“அப்ப எப்படிக் கேக்கறது?”

“கேக்கறதுக்கு நம்மகிட்ட பிளேயரே இல்லையே.”

உண்மைதான். கண்ணாடி பீரோ நிறைய இசைத்தட்டு இருக்கிறது, எதற்கும் உறை பிரிக்கவில்லை, ஓடவிட வீட்டில் ஒரு மெஷின் கிடையாது. அந்தப் பீரோவில் முன்பு என் அம்மா கொடுத்த டின்னர் செட் இருந்தது. அது இப்போது பரண்மேல் இருக்கிறது.

வழக்கமாக இந்த இடத்தில் நான் விட்டுவிடுவேன். ஆளுக்கொரு கிறுக்கு, சீட்டாட்டத்துக்கு இது தேவலை என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். இந்த முறை விட முடியவில்லை. அந்தத் தட்டுக்குள் நான் இருக்கிறேன். இருக்கிறேனா இல்லையா என்பதுதான் விஷயமே.

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது. தயாரிப்பாளர் எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர். சென்னையில் கோரஸுக்கு ஆள் பிடித்தால் செலவு என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரிடம் பேசி, ஒரு வேன் நிறையப் பெண்பிள்ளைகளை ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார். ஒரு பாட்டில் எல்லோரும் சேர்ந்து லலலா பாடினோம். பாட்டின் கடைசியில் வாத்தியமெல்லாம் நின்றுவிடும். அங்கே ஒரே ஒரு குழந்தை தனியாக ‘ஓ’ என்று இழுக்க வேண்டும். அந்த ‘ஓ’வுக்காக இசையமைப்பாளர் எங்களை ஒவ்வொருத்தியாகக் கண்ணாடி அறைக்குள் அனுப்பிப் பாடவைத்தார். யாருடையதை எடுத்துக்கொண்டார் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பாடி முடித்ததும் ஸ்பீக்கரில் ‘இதுதாம்மா’ என்று ஒரு குரல் வந்தது. என் காதால் கேட்டேன்.

என் சிநேகிதி பேட்ரிசியாவும் அவள் காதால் கேட்டிருக்கிறாள். அவள் பாடி முடித்ததும் ‘இதுதாம்மா’ என்றார்களாம்.

படம் நீளமாகப் போனதால் அந்தப் பாட்டை வெட்டினார்கள். கேசட்டிலும் போடவில்லை. அன்றிலிருந்து எனக்கும் பேட்ரிசியாவுக்கும் இந்தச் சண்டை. அவள் எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறாள், கணக்கு டீச்சர். என் கல்யாணத்தன்று மேடையேறி வந்து மாப்பிள்ளையிடம், “அந்த ‘ஓ’ நான்தாங்க, இவ வேற மாதிரி சொல்லியிருப்பா,” என்று சொல்லிவிட்டுத்தான் பரிசைக் கொடுத்தாள். சர்ச்சில் அவள் மகள் முதல் முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அவள் சொந்தக்காரர்கள் ஒரு மேஜை நிறைய உட்கார்ந்திருந்தபோது நான் அதற்குப் பதில் சொன்னேன். மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் உயிர்.

வெட்டிப்போட்ட அந்தப் பாட்டை இப்போதுதான் முதல் தடவையாக இந்தத் தட்டில் சேர்த்திருந்தார்கள். இணையத்தில் எந்தக் காலத்திலும் வராது, தட்டில் மட்டும்தான் என்று கம்பெனி சத்தியம் செய்திருந்தது. என் குரலோ அவள் குரலோ, எங்கள் வீட்டு பீரோவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரிதான் இடம் கொடுக்கவில்லை.

“ஒரு ‘ஓ’வுக்காக நூத்தெட்டைப் பிரிக்கச் சொல்றியா?” என்றார் சித்தார்த். “இரு, குரூப்ல யாராவது பிரிச்சிருப்பாங்க. கேட்டுப் பதிஞ்சு அனுப்பச் சொல்றேன்.”

கேட்டார். ஒருத்தரும் பிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ‘தெய்வீகம்’ என்றார் ஒருவர். ‘அந்தக் கடைசி இடம் உலுக்கிவிடும்’ என்றார் இன்னொருவர். தட்டு மாம்பழ நிறம் என்று கம்பெனி விளம்பரத்தில் போட்டிருந்தது. அந்த நிறத்தைக் கண்ணால் பார்த்தவர்கூடக் குழுவில் இல்லை. பீமராவிடம் மட்டும் பிளேயர் இருந்தது. அதற்கு வெல்வெட் உறை தைத்துப் போட்டிருந்தார்.

இப்படியே சரஸ்வதி பூஜை வந்தது. காலையிலிருந்து நானும் என் மாமியார் வீரம்மாளும் வீட்டில் இருந்த அத்தனைக்கும் பொட்டு வைத்தோம். ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மணை, என் கிளினிக் பை. புத்தகங்களைப் பூஜையில் அடுக்கினோம். சித்தார்த் பொரிகடலை வாங்க ராஜகோபுரம் பக்கம் போயிருந்தார்.

மாமியார் பீரோவைப் பார்த்தார். “வருஷம் பூரா அவன் எதையாவது மதிக்கிறான்னா அந்தத் தட்டைத்தான். அதையும் எடுத்து வெச்சு ஒரு பொட்டு வைம்மா.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நூற்றெட்டை எடுத்துப் புத்தகங்களுக்கு மேலே சாய்த்து வைத்தேன். சந்தனத்தை நன்றாகக் குழைத்து மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஸ்டிக்கர்மேல்தான் வைத்தேன், அதுதான் பார்க்க நெற்றி மாதிரி இருந்தது. நான் கோபத்தில் செய்ததாக அவர் இன்றைக்கும் நினைக்கிறார். கோபம் இருந்தது, ஆனால் பொட்டு பக்தியோடுதான் வைத்தேன்.

திரும்பி வந்தவர் பூஜை அறை வாசலில் நின்றார். பொரிப் பை கையிலிருந்து நழுவி, கூடம் முழுக்கப் பொரி. ஈரத்துணி எடுக்க ஓடினார்.

“டேய், கை வெக்காத,” என்றார் மாமியார். “பூஜைல வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்.”

“அம்மா, காஞ்சு ஒட்டிக்கும்மா.”

“ஒட்டட்டுமே. சாமி பொட்டுதானே.”

அம்மா பேச்சை மீறுகிற தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பூஜை முடியும்வரை அந்தப் பொட்டு காய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலையில் சந்தனம் பாறையாக இறுகியிருந்தது. குங்குமச் சாயம் ஸ்டிக்கரில் இறங்கி, நூற்றெட்டு செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது.

விஜயதசமியன்று பூஜையிலிருந்து எடுக்கும் பொருளை எடுத்த கையோடு பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். புத்தகமென்றால் ஒரு பக்கம் படிக்க வேண்டும், தையல் மெஷினென்றால் நாலு தையல் ஓட்ட வேண்டும்.

“தட்டை எடுத்தா ஓடவிடணும்ங்க. அதான முறை,” என்றேன்.

“அதான் முறை,” என்றார் மாமியார்.

சித்தார்த் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு தட்டை எடுத்தார், பின்பக்கம் திருப்பினார், அட்டையில் அச்சடித்திருந்ததை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். வயலின் யார், தபேலா யார், ஒலிப்பதிவு யார். கடைசி வரி, ‘கோரஸ்: திருச்சி பள்ளிக் குழந்தைகள்’.

“படிச்சாச்சு,” என்று சொல்லி பீரோவில் வைத்துவிட்டார்.

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. கறை பட்டுவிட்டது, இனி அது அவர்கள் கணக்கில் செல்லாக்காசு, ஒரு வாரம் துக்கம் கொண்டாடிவிட்டுப் பிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரும் முதலில் அந்த நிலையில்தான் இருந்தார். எதை வைத்துத் துடைக்கலாம் என்று கேட்டுக் குழுவில் போட்டோ போட்டார்.

பீமராவிடமிருந்து பதில் வந்தது. ‘தொடாதீர்கள். ஸ்ரீரங்கம், நூற்றெட்டு, சரஸ்வதி பூஜையில் வைத்த தட்டு. இந்த மாதிரி இன்னொன்று லோகத்தில் கிடையாது.’

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அந்தப் போட்டோ சென்னைக் குழுவுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போய்விட்டது. யார் யாரோ போன் செய்தார்கள். ஒருவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, மூன்று சந்தனக் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அபாரம் என்று எழுதியிருந்தார். மிக்ஸிக்கும் அதே இடைவெளிதான் விட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

“பொட்டு வெச்சதுதான் வெச்ச, ராசியான கைடி உனக்கு,” என்றார் சித்தார்த். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பு ஒரு பிளாஸ்டிக் உறைதான் எனக்குக் குறுக்கே இருந்தது. இப்போது நானே அதற்குக் காவலாக ஒரு பொட்டையும் வைத்துத் தொலைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்று என்பதால்தானே இந்தக் கிராக்கி? எல்லாத் தட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டால்?

பேட்ரிசியாவுக்குப் போன் செய்து சொன்னேன். “செய்டி,” என்றாள். “நான்தான்னு தெரிஞ்சா நீ அழுவ, அது வேற விஷயம். ஆனா செய்.”

பீமராவைக் கூப்பிட்டு, வேண்டுமானால் உங்கள் தட்டுக்கும் நான் பொட்டு வைத்துத் தருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் திருச்சியில் அந்தத் தட்டை வாங்கிய அத்தனை பேரும் எங்கள் வீட்டு மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாமியார் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தேன். ஒருவர் குங்குமம் இன்னும் கொஞ்சம் கசிய வேண்டும் என்று கேட்டு, தண்ணீர் தொட்டு வைக்கச் சொன்னார். பீமராவ் தட்டை நீட்டும்போது தன் தலையையும் சேர்த்துக் குனிந்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அன்று மாலையே பீமராவ் குழுவில் தீர்ப்பு எழுதினார். ‘பூஜையில் வைத்தது மூலவர். ஞாயிற்றுக்கிழமை வைத்ததெல்லாம் உற்சவர். உற்சவர் வெளியே வரலாம், போகலாம். மூலவர் ஒன்றுதான்.’

உற்சவர்கள் சேரச் சேர மூலவருக்கு மதிப்பு ஏறியது. அடுத்த சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு மாமியார் பூஜை அறைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். போனை வைப்பதற்கு முன் அந்த ஆள், பாட்டெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். “அற்புதம் சார்,” என்றார் சித்தார்த்.

சனிக்கிழமை மத்தியானம். அந்த ஆள் வருகிற ரயில் விழுப்புரம் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. சித்தார்த் தட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்திருந்தார். நான் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகப் புறப்பட்டேன்.

“கொடுத்துடலாம்ல யமுனா? உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?”

“கொடுங்க,” என்றேன். “வாங்கிட்டுப் போறவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. உள்ள ஒரு பொண்ணு இருக்கா, ஒம்பது வயசு. நானோ பேட்ரிசியாவோ தெரியல. அவளை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. பாத்து வெச்சுக்கச் சொல்லுங்க.”

சாமர்த்தியமாகப் பேச வேண்டும் என்று பேசவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தின் முன்னால் நின்று அழுதேன். இருபத்தெட்டு வருஷமாக வேடிக்கையாகச் சண்டை போட்ட விஷயத்துக்கு இவ்வளவு அழுகை வரும் என்று எனக்கே தெரியாது.

தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. பிஸ்கட் பாக்கெட் கிழிக்கிற மாதிரி. எட்டிப் பார்த்தேன். சித்தார்த் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கையுறை இல்லை. பிளாஸ்டிக் உறை, பொட்டோடும் நூற்றெட்டோடும், இரண்டாகக் கிழிந்து தரையில் கிடந்தது.

“மாம்பழக் கலர்லாம் இல்ல,” என்றார். “பூசணிக்கா கலரா இருக்கு.”

ரயிலில் வந்துகொண்டிருந்தவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். பிறகு பிளேயர் கேட்டு உத்தர வீதிக்கு ஓடினார். அரைமணியில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு பீமராவும் கூடவே வந்திருந்தார். இறங்கும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. கிழிந்த உறையைப் பொறுக்கி எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முள்ளை வைத்ததும் பாட்டு ஆரம்பித்தது. வயலின், அப்புறம் ஒரு ஆண் குரல், அப்புறம் நாங்கள் எல்லோரும் லலலா. பீமராவ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பிறகு திறந்தார்.

“பாட்டு சுமார்தான் போலிருக்கே,” என்றார் மெதுவாக.

வாத்தியமெல்லாம் நின்றன. அந்த ‘ஓ’ வந்தது. சின்னக் குரல், பயந்துகொண்டே ஏறி, நடுவில் தைரியம் வந்து, கடைசியில் லேசாக மூக்கில் வளைந்து முடிந்தது.

“நீதான்,” என்றார் சித்தார்த். “எனக்குத் தெரியாதா உன் குரல்?”

இல்லை. அந்த வளைவு எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் தினமும் என் வலது காதுக்குள் கேட்ட வளைவு அது. “பேட்ரிசியாங்க,” என்றேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். எனக்காகக் கிழித்தாரே என்று அதைவிட வருத்தமாக இருந்தது. ஆனாலும் அவள் பொருளை நான் வைத்துக்கொண்டிருக்க முடியாது. போனை எடுத்து, “உடனே கிளம்பி வா,” என்று மட்டும் சொன்னேன்.

காவிரிப் பாலத்து நெரிசலையெல்லாம் தாண்டி வந்து சேர்ந்தவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால்தான் கேட்கும் என்று சித்தார்த் சொன்ன பிறகு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பாட்டு ஓடியது. ‘ஓ’ வந்தது.

“நீ ஜெயிச்சுட்ட,” என்றேன். “நீதான்டி.”

பேட்ரிசியா இன்னொரு தடவை போடச் சொன்னாள். அது முடிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யமுனா, இது நான் இல்லடி. நீ.”

“லூசா உனக்கு? கடைசில வளையுது பாரு. அது உன் மூக்கு.”

“ஆரம்பத்துல மூச்சை ஒரு இழுப்பு இழுக்குது, அதைக் கேளு. பாடப் போறதுக்கு முன்னாடி அப்படி இழுக்கறது நீ. பயந்தா இழுப்ப. தினமும் பிரேயர்ல நான் உன் பக்கத்துலதான நின்னேன்.”

“உன் மேல சத்தியமா நீதான்.”

“மாதா மேல ஆணையா நீதான்டி.”

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பிளேயர் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் என் தலையைப் பிடித்து ஸ்பீக்கர் பக்கம் திருப்பினாள். இத்தனை வருஷம் ஒருத்தியிடமிருந்து ஒருத்தி பிடுங்கப் பார்த்ததை, இப்போது வேண்டாம் வேண்டாம் என்று ஒருத்தி கையில் ஒருத்தி திணித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது, இரண்டு பேருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. சித்தார்த் முள்ளைத் தூக்கி மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

“இப்படிப் போட்டுண்டே இருந்தா தேஞ்சு போயிடும் சார்,” என்றார் பீமராவ்.

“தேயட்டும் சார்,” என்றார் சித்தார்த்.